நீங்கள் கையெழுத்திட்ட பிளானுக்கு நேர்ந்தது

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

மிகுந்த மரியாதைக்குரிய அத்திம்பேர் சங்கரன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வேம்பு நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் ஆத்துக்காரியும் நலம். நலம் என்ற சொல்லில் எனக்கு மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு, அது உரிய இடத்தில் வரும். அங்கே புனேயில் தாங்களும் பிள்ளை சுஹாஸும் அவன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போன மாதம் மூன்று தரம் போன் செய்து, "அஸ்திவாரம் போட்டாச்சா வேம்பு?" என்று கேட்டீர்கள். முதல் தரம் பறக்கும் ரயிலில் இருக்கிறேன், சரியாகக் காதில் விழவில்லை என்றேன். இரண்டாம் தரம் குக்கர் விசில் அடித்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மூன்றாம் தரம் போனை என் ஆத்துக்காரியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது குளியல். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்யும் வரமாட்டேன் என்கிறது, உண்மையும் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உண்மை என்னவென்றால், அஸ்திவாரம் போடவில்லை. ஆனால் கட்டடம் ஒரு வாரம் நின்றது, அதற்குள் ஜனங்கள் வந்தார்கள், சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், ரத்தம் சோதித்துக்கொண்டார்கள், பிறகு ஒரு சாயங்கால மழையில் அது கரைந்துபோனது. பதற வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தை மாதம் தாங்கள் வந்திருந்தபோது, எண்பத்தாறில் வேளச்சேரியில் வாங்கிப் போட்ட இரண்டு கிரவுண்டு மனையைப் பொதுக் காரியத்துக்குத் தருவதாகச் சொன்னீர்கள். சர்க்கரை வியாதியில் நம்மை விட்டுப் போன என் அக்கா சுலோச்சனாவின் பெயரில் அங்கே ஒரு கூடம் எழும்ப வேண்டும், அந்த வட்டாரத்து ஜனங்கள் எதை எவ்வளவு சாப்பிடுவது என்று அங்கே கற்றுக்கொள்ள வேண்டும், உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றீர்கள். அரசாங்கத்தில் முப்பத்துநான்கு வருஷம் இன்ஜினியராக இருந்த மைத்துனன் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்று நான்தான் மார்தட்டினேன். நாற்பது நாள் உட்கார்ந்து பிளான் போட்டேன். முன்னால் நான்கு உருண்டைத் தூண்களோடு போர்ட்டிகோ. உள்ளே அறுபது பேர் உட்காரும் ஏசி ஆடிட்டோரியம், அதில் பெரிய திரை. பக்கத்தில் கான்ஃபரன்ஸ் அறை, இயக்குநர் அறை, அந்த அறைக்கென்று தனிக் குளியலறை. கீழே பேஸ்மென்டில் தானியக் கிடங்கு. கட்டடத்தின் நெற்றியில் இரண்டடி உயர எழுத்தில், சலவைக்கல்லில், அக்காவின் பெயர். பின்னால் எட்டடிக்கு ஆறடியில் ஒரு இடம் மிஞ்சியது, அதற்குப் பேன்ட்ரி என்று பெயர் எழுதினேன். பதினோரு தாளிலும் தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். கூடத்தை நம்மோடு சேர்ந்து நடத்த ஒப்புக்கொண்ட அடையாறு டாக்டர்களின் அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டது, கட்டடம் சஸ்டெய்னபிளாக இருக்க வேண்டும் என்று. என் கட்டடம் நிற்காது என்று சொல்ல இவர்கள் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு தூணுக்கும் நாலு கம்பி கூடப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அதற்குப் பதிலாக அவர்கள் ஜைத் என்ற ஆர்க்கிடெக்டை அனுப்பிவைத்தார்கள். ராயப்பேட்டைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். பதினோரு தாளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரக்சர் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்றார். அத்திம்பேர், அந்தக் குரல் எனக்குத் தெரியும். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் உருப்படாத ஒன்றைக் கொண்டுவரும்போது முப்பத்துநான்கு வருஷமும் நான் பேசிய குரல் அது. சஸ்டெய்னபிள் என்றால் கரண்டும் தண்ணீரும் குறைவாகச் செலவாகி, குப்பை வெளியே போகாமல், அக்கம்பக்கத்து ஜனங்களே நடத்திக்கொள்ளும்படி இருப்பது என்று எனக்கு நோகாமல் விளக்கினார். பிறகு, "சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். உங்க பிளானை மனையிலேயே முழு அளவுல சுண்ணாம்புப் பொடியால கோடா போட்டுப் பார்க்கலாமா? இதுல சமைக்கப்போறவங்க, சாப்பிடப்போறவங்க ஒரு வாரம் உள்ள நடந்து பார்க்கட்டும்" என்றார். என் பிளானின் பிரம்மாண்டம் தரையில் விரிந்தால் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்து நான் உடனே சரி என்றேன். டேப்பைப் பிடித்ததும் நான்தான், பொடியைத் தூவியதும் நான்தான், போர்ட்டிகோவுக்கு முன்னால் அக்காவின் பெயரைப் பொடியால் எழுதியதும் நான்தான். அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், பின்னால் ஜைத் மேல் யாரும் பழி போடக்கூடாது.

கோடு போட்டு முடித்ததும் ஜைத் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் போய், இந்தப் பக்கத்தில் நிறையப் பேருக்குச் சமைத்துப் பழகினவர் யார் என்று கேட்டார். எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். அப்படி வந்தவர்தான் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கல்யாணமாகி வேளச்சேரிக்கு வந்து முப்பத்தைந்து வருஷமாகிறது, ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்றவர். வந்தவர் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்கோ என்றேன். "வாசல் எங்கன இருக்கு?" என்று கேட்டார். போர்ட்டிகோவைக் காட்டினேன். சுற்றிக்கொண்டு அங்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாக வந்தார். அந்த நிமிஷமே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. கட்டடத்தை இப்படி மதித்தவரை நான் பார்த்ததில்லை, அதுவும் இன்னும் கட்டாத கட்டடத்தை.

"அடுப்படி எது சார்?" என்றார். எட்டுக்கு ஆறைக் காட்டினேன். உள்ளே போய் நின்றார். "இருநூறு பேருக்குப் பொங்குத அண்டா இம்புட்டு இருக்கும்" என்று கையை விரித்தார். "சார், நீங்க அடுப்பா நில்லுங்க. தம்பி, நீங்க அண்டாவை எனக்கு எடுத்துக் குடுக்குத ஆளா நில்லுங்க." நான் அடுப்பாக நின்றேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. பேச்சியம்மாள் இல்லாத கரண்டியைப் பிடித்து இல்லாத சாம்பாரை ஒரு சுற்றுக் கிண்டினார், முழங்கை சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. "கை வெளியே போயிட்டு சார்" என்றார், கோபமே இல்லாமல். ஜைத் பின்னால் ஒரு அடி வைத்தார், அவர் இயக்குநரின் குளியலறைக்குள் நின்றார். அடுத்துப் பேச்சியம்மாள், "இங்க வாரவங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கப்போறீங்க?" என்று கேட்டார். சரிவிகித உணவைப் பற்றி ஆடிட்டோரியத்தில் விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டுவோம் என்றேன்.  "கீரையைக் காட்டுததுக்கு எதுக்கு சார் லைட்டை அணைக்கணும்?" என்றார். அத்திம்பேர், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள். எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் அறிவு, கையில் காலி பாட்டிலோடு, பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடிக்க மனைக்கு நடுவில் நேராக நடந்து வந்தார். "ஏய் அறிவு, செவத்துல புகுந்து வாரியே, கண்ணு தெரியலயா?" என்று பேச்சியம்மாள் ஒரு அதட்டல் போட்டார். அறிவு அப்படியே நின்று கீழே பார்த்தார். "இன்னாக்கா, செவுரு எங்க கீது?" "கோடு தெரியுதுல்லா? அதான் செவரு. போயி வாசல் வழியா வா." அறிவு திரும்பிப் போய், போர்ட்டிகோ வழியாக வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு, அதே வழியாக வெளியே போனார். மறுநாளிலிருந்து ஸ்டாண்டுக்காரர்கள் ஒருத்தர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு நாள் நான் அவசரத்தில் கான்ஃபரன்ஸ் அறைச் சுவர் வழியாக வெளியேறப் பார்த்தபோது, "சார், வாசல் அந்தாண்ட கீது" என்று அறிவு எனக்கே வழி காட்டினார். வரைந்தவன் நான். நான் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் பேச்சியம்மாள் ஒரு காஸ் அடுப்பைக் கொண்டுவந்து கோட்டுக்குள் வைத்தார். எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். ஆடிட்டோரியத்தில், திரைக்கு நேர் கீழே. பக்கத்துக் காலனியிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருபது பேர் வந்தார்கள். கேழ்வரகுக் களி கிண்டி, முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் கடைந்து, தட்டைப்பயறு சுண்டல் செய்தார். கீரையை எப்போது மூட வேண்டும் எப்போது திறக்க வேண்டும், சோற்றுக் கஞ்சியை ஏன் கொட்டக்கூடாது, ரத்தம் குறைந்தவள் சாப்பிட்ட கையோடு ஏன் காப்பி குடிக்கக்கூடாது என்று கிண்டிக்கொண்டே சொன்னார். ஒருத்தியும் நோட்டு எடுக்கவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு கை கிண்டினார்கள். மூன்றாம் நாள் அடுக்குமாடியில் இருக்கும் ஐடி பெண்கள் நாலு பேர் வாசனை பிடித்து வந்து நின்றார்கள், போர்ட்டிகோ வழியாகத்தான். அவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை டெலிவரிச் சாப்பாடாம். பேச்சியம்மாள் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி காலனிப் பெண்களைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. அந்த நாலு பேர் கையிலும் கரண்டியைக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் என் பிளான் ஒவ்வொரு அறையாக இறந்துகொண்டிருந்தது. இயக்குநர் அறை வரும் இடத்தில் ஒரு பூவரச மரம் நிற்கிறது அல்லவா, அதை வெட்டச் சொல்லி ஏழாம் தாளில் எழுதியிருந்தேன். மனையிலேயே நிழல் உள்ள இடம் அது ஒன்றுதான் என்பதால் சாப்பிட வந்த அத்தனை பேரும் இயக்குநர் அறையில்தான் உட்கார்ந்தார்கள். இயக்குநர் அறையில் ஐம்பது பேர். ஆடிட்டோரியத்தில் வெயில். ஜைத் நோட்டில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எடை பார்க்கும் மிஷினை எல்லாரும் பார்க்கும்படி முன் ஹாலில் வைத்திருந்தேன். ஒரு பெண்கூட ஏறவில்லை. பேச்சியம்மாள் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கை கழுவும் இடத்துக்குப் பின்னால், ஒரு புடவையை மறைப்பாகக் கட்டி வைத்தார். "ரோட்டைப் பாக்க வச்சா எவ சார் ஏறுவா? கை கழுவ வாரவ அப்படியே ஏறிட்டுப் போவா" என்றார். அன்று மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பேர் ஏறினார்கள். டாக்டர்களின் அறக்கட்டளை மூன்று மாதம் முகாம் போட்டும் அத்தனை பேர் ஏறவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

இப்போது நலம் என்ற சொல்லுக்கு நான் வைத்திருந்த திருத்தத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் அறக்கட்டளையிலிருந்து நர்ஸ் ஒருவர் சர்க்கரை சோதிக்க வந்தார். ஜனங்கள் விரலை நீட்டத் தயங்கினார்கள். கூடத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் முதல் ஆளாக நான் விரலை நீட்டினேன். நான் சோதித்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். மறக்கவில்லை, அத்திம்பேர். மறந்த மாதிரி இருந்தேன். நர்ஸ் மிஷினைப் பார்த்து, "முந்நூத்திப் பதினெட்டு" என்று படித்தார். சுவர் இருக்கும் கட்டடமாக இருந்தால் அது அங்கேயே அடங்கியிருக்கும். ஸ்டாண்டிலிருந்து அறிவு எட்டிப் பார்த்து, "சார், முந்நூத்திப் பதினெட்டா? எங்க ஸ்டாண்டுலயே இத்தினி யாருக்கும் கெடயாது சார். நீதான் டாப்பு" என்றார். அவர் அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார்.

பேச்சியம்மாள் என்னைப் பூவரச மரத்தடியில் உட்காரவைத்தார். "காலைல என்ன சாப்பிட்டீங்க சார்?" என்று கேட்டார். இரண்டு இட்லி என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாட வீதியில் வாங்கிய ஜாங்கிரி ஒன்று மிச்சம் இருந்தது என்றேன். பார்வையை எடுக்கவில்லை. "ரெண்டு" என்றேன். அரசாங்கத்தில் என்னை இரண்டு தரம் விசாரித்திருக்கிறார்கள், இப்படி யாரும் விசாரித்ததில்லை. அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிச்சமிருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்து என் காலடியில் ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஒரு கோடு. ஒரு பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்தார். "இது தட்டு. இந்தப் பெரிய பாகம் பூரா காயி, கீரை. இந்தக் கால் பாகம் பருப்போ சுண்டலோ. இந்த மூலைதான் சோத்துக்கு. நீங்க இம்புட்டு நாளும் இந்த மூலையை வீடு முச்சூடும் இழுத்துக் கட்டிட்டீங்க. இதுவும் பிளான்தான் சார்." எத்தனை டாக்டர்கள் எத்தனை காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் புரியும் பாஷையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னார். அந்தத் தட்டில் என் சோற்று மூலை அத்துமீறிய கட்டுமானம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அக்கா ஞாபகம் வந்தது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன், இனிமேல் எதற்கு. சுலோ அக்காவும் இப்படித்தான் இரண்டு வருஷம் சோதிக்காமல் இருந்தாள். நான் கேட்டால், "போன வாரம்தான் பாத்தேன்டா வேம்பு, எல்லாம் சரியா இருக்கு" என்பாள். ஆஸ்பத்திரிகளில் கதவுக்குக் கதவு பெயர்ப்பலகையைப் பார்த்தாலே அவளுக்குப் படபடப்பு வரும், தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் போட்ட பிளானில் எத்தனை கதவு, எத்தனை பெயர்ப்பலகை என்று எண்ணிப் பார்த்தேன். பதினேழு. அவள் பெயரில் நான் கட்டவிருந்த கட்டடத்துக்குள் அவளே வந்திருக்கமாட்டாள். போர்ட்டிகோவைப் பார்த்து, யாரோ பெரிய மனுஷாள் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருப்பாள். ஆனால் பேச்சியம்மாளின் அடுப்படிக்கு வந்திருப்பாள். "இதுல பெருங்காயமே போடலையே" என்று சண்டை பிடிக்க வந்திருப்பாள், கிண்டிக் காட்டியிருப்பாள், கை கழுவப் போயிருப்பாள், மிஷினில் ஏறியிருப்பாள். எனக்கு அதற்கு மேல் பிளானைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதினோரு தாளையும் ஜைத்திடம் கொடுத்து, "பின்பக்கம் எல்லாம் வெள்ளைதான், அதுல வரையுங்கோ" என்றேன்.

அன்று ஆத்துக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. என்னை வேளச்சேரி ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டவர் அறிவு, அவர் போனில் என் நம்பருக்குப் பதிலாக ஆத்து நம்பர் இருந்திருக்கிறது. "சார் மயக்கமா கீறாரு, பாத்துக்கங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார். என் ஆத்துக்காரி வாசலிலேயே நின்றாள். "ஏன்னா, முந்நூத்திப் பதினெட்டுன்னு வேளச்சேரி ஆட்டோக்காராளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, ஆத்துல இருக்கற நேக்குத் தெரியலையே" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு நாளைக்கு. ஏழாம் நாள் காலை என்னோடு ரயில் ஏறி வேளச்சேரிக்கு வந்து, வாசல் வழியாக உள்ளே போய், பேச்சியம்மாளிடம் கரண்டியை வாங்கிக்கொண்டாள். இப்போது ஆத்தில் என் தட்டில் சோற்று மூலையை அவள் அளந்து வைக்கிறாள். ஒரு அங்குலம்கூடச் சலுகை கிடையாது. நேற்றைய சர்க்கரைக் கணக்கு நூற்று எழுபத்திரண்டு.

ஏழாம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது. மறுநாள் போய்ப் பார்த்தால் கோடு ஒன்றும் இல்லை, மனை முழுக்கத் தண்ணீர். நான் பேஸ்மென்ட் வரும் என்று குறித்த இடத்தில் தவளை நீந்திக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் எதிர்வீட்டு மதிலருகில் போய், தன் கழுத்துக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். "பதினஞ்சுல வந்த வெள்ளம் இதுவரைக்கும் நின்னுச்சு. கீழ கிடங்கு வச்சா உங்க அரிசியை மீனுதான் திங்கும் சார்." பிறகு தண்ணீர் வடிந்ததும் பொடி டப்பாவைக் கையில் வாங்கி, அளவு எதுவும் கேட்காமல், காலடி வைத்து நடந்தே அடுப்படியை மறுபடி வரைந்தார். நான் டேப்பை வைத்துச் சரிபார்த்தேன். ஜைத் புதிதாகக் குறித்திருந்த பதினெட்டடிக்கு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. சொன்னேன். அவர் திரும்பி இன்னொரு தரம் நடந்தார். நானும் இன்னொரு தரம் அளந்தேன். டேப்பின் முனை மடிந்திருந்தது, அத்திம்பேர். அவர் கால் சரியாக இருந்தது. முப்பத்துநான்கு வருஷத்தில் எத்தனையோ இன்ஜினியர்களுக்குக் கீழேயும் மேலேயும் வேலை பார்த்திருக்கிறேன், யாரையும் மனதார மெச்சியதாக ஞாபகம் இல்லை. இந்த அம்மாளை மெச்சுகிறேன். இவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்த ஜைத்தையும் மெச்சுகிறேன். அந்தக் கலை எனக்கு இந்த வயதில்தான் வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, புதிய பிளான் இதோடு இணைப்பில் இருக்கிறது. கட்டடம் வெள்ளத்துக்கு எட்டாதபடி தூண்மேல் நிற்கும், முழங்கால் வலிக்காரர்கள் ஏற அகலமான சரிவுப் பாதை உண்டு. நட்டநடுவில் அடுப்படி, மூன்று பக்கமும் திறப்பு, சுற்றி நின்று யாரும் பார்க்கலாம், கிண்டலாம். பூவரச மரம் நிற்கும், சாப்பிடும் இடம் அதன் நிழலில். சுவருக்குப் பதில் ஜாலி என்கிற, காற்று நுழையும் சல்லடைத் தடுப்பு, அதனால் ஏசி இல்லை. கூரைத் தண்ணீர் தொட்டிக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும், காய்கறித் தோலிலிருந்து அடுப்புக்கு எரிவாயு. ஆடிட்டோரியம் இல்லை. இயக்குநர் அறை இல்லை. இயக்குநரே இல்லை, காலனிப் பெண்களும் அடுக்குமாடிப் பெண்களும் முறை வைத்து நடத்துவார்கள். தங்களிடம் சொல்லத் தயக்கமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் பெயரை இரண்டடி உயரத்தில் பதிக்கும்படியான சுவர் இந்தக் கட்டடத்தில் எங்கேயும் இல்லை. இதை எப்படி உங்களிடம் சொல்வது என்று ஒரு வாரம் தூங்கவில்லை. முந்தாநாள் வேளச்சேரி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். அறிவின் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்தவர் ஒருவர், என்னைத் தெரியாதவர், ஜனங்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். "ராம் நகர், பாலம், சுலோச்சனாம்மா... சுலோச்சனாம்மா எறங்கறவங்க பின்னாடி குந்துங்க" என்றார். மூன்று பெண்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு செங்கல்கூட இன்னும் வைக்கவில்லை, அத்திம்பேர். நான் அந்த ஆட்டோவில் ஏறாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

தாங்கள் கோபித்துக்கொள்ள எல்லா உரிமையும் உண்டு. இருந்தாலும் தயவுசெய்து இணைப்பிலுள்ள ஐந்து தாளையும் ஒவ்வொன்றாக நன்றாகப் படித்துப் பார்த்து, அளவுகளைச் சரிபார்த்து, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். சுஹாஸுக்கும் அவன் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்களுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரமும், பேச்சியம்மாளின் வணக்கமும். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள், விரலை நீட்டப் பயப்படாதீர்கள்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
வேம்பு

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் பேச்சியம்மாள் ஏதோ வேலையாக மயிலாப்பூர் வந்தவர் ஆத்துக்கு வந்தார். புதிய பிளானின் முதல் தாளைக் காட்டினேன். அதை மேஜைமேல் அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தார். "கடல்காத்து இந்தப் பக்கமிருந்துல்லா வருது? நீங்க வச்சிருக்க மாதிரி வச்சா தாளிக்குத புகை பூரா சாப்பிடுதவங்க மூஞ்சியில அடிக்குமே சார்" என்றார். ஜைத்துக்குப் போன் செய்தேன்.  மனைக் காற்றைப் பார்க்காமல் நாங்கள் இருவரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வரைந்ததை அவர் எனக்கு நினைவுபடுத்தினார். ஆகையால் மேலே புதிய பிளானைப் பற்றி நான் எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம். முன் என்பதைப் பின் என்றும், இடது என்பதை வலது என்றும் படித்துக்கொள்ளலாம், அதுகூட இந்த வாரம் வரைக்கும்தான் செல்லும். ஐந்து தாளையும் உறையிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஐந்து வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். எதையும் படிக்காமல், எதையும் சரிபார்க்காமல், வலது ஓரத்தில் கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மேலே நிறைய இடம் விடவேண்டும். பேச்சியம்மாள் இதுவரை பார்த்தது முதல் தாள் மட்டும்தான்.